வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை: கோடை முழுக்கக் காலியாகாமல் நடத்துவது எப்படி

கோடை பிறந்ததும் தெருமுனைகளில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். முதல் நாள் மோர், தர்பூசணி, மாலை, போட்டோ எல்லாம் இருக்கும். பத்தாம் நாள் போய்ப் பார்த்தால் பானை அடியில் ஒரு விரற்கடை தண்ணீரும் அதில் மிதக்கும் வேப்பம்பூவும்தான் மிச்சம்.

திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு கோடையாகப் பானை வைக்கிறோம். முதல் கோடையில் நாங்களும் பன்னிரண்டாம் நாளே கைவிட்டவர்கள்தான். பிறகு எங்களைப் பார்த்து ஆரம்பித்த மூன்று நான்கு வீட்டுக்காரர்களும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். தப்பு பெரும்பாலும் வரிசையில் இருக்கிறது. எல்லோரும் முதலில் பானை வாங்கிவிடுகிறார்கள். ஆள், இடம், தண்ணீர் இந்த மூன்றும் முடிவான பிறகு வாங்க வேண்டிய பொருள் அது.

கீழே இருப்பது ஒரு வீடு தனியாகவோ, நாலைந்து வீடுகள் சேர்ந்தோ செய்வதற்கான வழி. மைக் செட் வைத்த பெரிய பந்தலுக்கு இது பொருந்தாது.

1. முதலில் ஆளைப் பிடியுங்கள்

தினமும் என்ன வேலை இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். காலை 6 மணிக்குப் பானையைக் கழுவி நிரப்ப 20 நிமிடம். 11 மணிக்கு மறுபடி நிரப்ப 5 நிமிடம். மாலையில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றி, டம்ளர்களை உள்ளே எடுத்துக் கழுவி வைக்க 10 நிமிடம். ஆக 35 நிமிடம். ஒரு நாளைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பங்குனி பாதியிலிருந்து ஆனி தொடக்கம் வரை சுமார் 75 நாள் தவறாமல் செய்ய வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

அதனால் எந்த நாள் யார் என்று தினசரி காலண்டரில் பெயரெழுதிவிடுங்கள். "எல்லோரும் பார்த்துக்குவோம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் முதல் கோடை இப்படித்தான் போனது. வைகாசி முகூர்த்தத்துக்கு ஊருக்குப் போனோம். திரும்பி வந்தபோது பானை காய்ந்து கிடந்தது. பழைய பேப்பர் வாங்கும் அண்ணன், "நேத்தும் வந்தேன், இல்லீங்க" என்றார். வழக்கமாகக் கிடைக்கும் என்று நம்பித் தன் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். வைக்காமலே இருந்திருந்தால் அவர் பாட்டிலாவது எடுத்து வந்திருப்பார்.

ஊருக்குப் போகும் நாட்களுக்கு மாற்று ஆள் ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவரிடம் தண்ணீர் எங்கே இருக்கிறது, நார் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள். புண்ணியம் உங்களுக்கு, முதுகுவலி அவருக்கு என்று ஆகிவிடும். அவர்தான் செய்ய வேண்டும் என்றால் தனிச் சம்பளம் பேசிக் கொடுங்கள்.

2. மூன்று நாள் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள்

தெருவில் யார் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்பது நாமாக நினைத்துக்கொள்வதும் நிஜமும் வேறு வேறு. ஆபீசுக்குப் போகிறவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் உங்கள் பானையைத் தொடவே மாட்டார்கள். அவர்கள் கையில் பாட்டில் இருக்கிறது.

எங்கள் தெருவில் காலை ஆறரைக்குத் தூய்மைப் பணியாளர்கள். எட்டு மணிக்குக் கீரைக்காரம்மா. ஒன்பதரை வாக்கில் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை கூரியர், உணவு டெலிவரி பையன்கள். நாலு மணிக்குப் பழைய பேப்பர். இதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் முதலில் எட்டு மணிக்குப் பானை நிரப்பிக்கொண்டிருந்தது எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. தெருவிலேயே கடினமான வேலை செய்கிறவர்கள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள்.

எண்ணிக்கை கிடைத்ததும் அளவு தெரிந்துவிடும். ஒருவர் சராசரியாக 200 மில்லி டம்ளரில் இரண்டு குடிப்பார். 40 பேர் என்றால் 16 லிட்டர். சிந்துவது, வாய் கொப்பளிப்பது, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவது எல்லாம் சேர்த்து 30 லிட்டர் என்று வையுங்கள். பாட்டிலில் பிடிப்பவரை முறைக்க வேண்டாம். அடுத்த நாலு தெருவில் பானை இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

3. இடம்: மதியம் இரண்டு மணி நிழலைப் பாருங்கள்

காலையில் நிழலாக இருக்கும் இடம் மதியம் கொளுத்தும். சாக்பீஸ் எடுத்துக்கொண்டு 10, 12, 2, 4 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போடுங்கள். நாலு கோட்டுக்குள்ளும் வரும் இடம்தான் பானைக்கு. மேற்குப் பார்த்த வாசல் என்றால் அப்படி ஓர் இடம் கிடைக்காமல் போகலாம். அப்போது மூங்கில் தட்டியோ பழைய தென்னங்கீற்றோ சாய்த்துக் கட்டுங்கள். தகரம் வேண்டாம், அது சூட்டைக் கீழே இறக்கும்.

கேட்டுக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு "யார் வேணாலும் வந்து குடிக்கலாம்" என்று சொன்னால் யாரும் வர மாட்டார்கள். அடுத்தவர் வீட்டுக் கேட்டைத் திறக்கப் பலருக்கும் கை வராது. நாய் இருக்குமோ, திருட வந்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் அவர்களுக்கு.

அதே நேரத்தில் தெருவை மறிக்கக் கூடாது. வண்டி திரும்பும் முனையும் சாக்கடை மூடிக்கு மேலும் கூடவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இரண்டாம் வாரத்தில் "உங்க தண்ணியால எங்க வாசல் சேறாகுது" என்ற பேச்சு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

உயரம் இடுப்பளவு. தரையில் வைத்தால் தூசியும் நாயும். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள். தண்ணீரை விட அந்த ஸ்டூல்தான் அதிகம் பயன்பட்டது என்று சில நாள் தோன்றும்.

4. தண்ணீர் எங்கிருந்து

உங்கள் வீட்டில் என்ன குடிக்கிறீர்களோ அதே தண்ணீர். வாசலுக்குத் தனியாகப் போர்த் தண்ணீர் என்று பிரிக்க வேண்டாம். உப்புத் தண்ணீராக இருந்தால் குடிப்பவருக்கும் தாகம் அடங்காது, பானையின் நுண்துளைகளிலும் உப்புப் படிந்து இரண்டே மாதத்தில் குளிர்ச்சி போய்விடும்.

கேன் தண்ணீர் என்றால் மூடி சீல் பிரியாமல் இருக்கிறதா, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கேனை வெயிலில் அடுக்காதீர்கள். 75 நாளுக்கு நாளுக்கு 30 லிட்டர் வீதம் 2,250 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 113. ஐந்து வீடுகள் பிரித்துக்கொண்டால் வீட்டுக்கு 23 கேன். உங்கள் ஊர் விலையால் பெருக்கி, அந்தத் தொகையை ஆரம்பிக்கும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். மாத நடுவில் யோசித்தால் கை இழுக்கும்.

மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சுவதானால், கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விடுங்கள். முந்தின நாள் இரவே காய்ச்சி மூடி ஆறவைத்துவிட வேண்டும். சூடு ஆறாமல் பானையில் ஊற்றினால் பானை விரிசல் விடும். எங்களிடம் ஒன்று அப்படித்தான் போனது.

5. இப்போது பானை வாங்கலாம்

குழாய் வைத்த மண்பானை வாங்குங்கள், 15 லிட்டர் அளவில் இரண்டு. குழாய் இல்லாத பானையில் ஒவ்வொருவரும் டம்ளரை உள்ளே விட்டு மொள்ளுவார்கள், விரல் தண்ணீரில் படும். எத்தனை சுத்தமான தண்ணீர் ஊற்றினாலும் பத்தாவது ஆளுக்கு அது சுத்தமாக இருக்காது.

கடையில் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை, சொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. பளபளவென்று வார்னிஷ் அடித்ததும், பூப்போட்டு பெயிண்ட் அடித்ததும் வேண்டாம். மண்பானை குளிர்வதே அதன் நுண்துளைகள் வழியாக ஈரம் வெளியே கசிந்து ஆவியாகும்போதுதான். பெயிண்ட் அந்தத் துளைகளை அடைத்துவிடும், அப்புறம் அது கனமான பிளாஸ்டிக் குடம்தான்.

வாங்கியதும் அன்றே வாசலில் வைக்காதீர்கள். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டுக் கொட்டுங்கள். இப்படி மூன்று நாள். மண்வாசனையும் தூளும் போகும், குழாயடியில் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். குழாயை இறுக்கித் திருகினால் பானை வாய்விடும்.

சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எதையும் பானைக்குள் விடக் கூடாது. மண் அதைக் குடித்துக்கொண்டு அடுத்த பத்து நாளுக்குத் தண்ணீரில் கக்கும். தேங்காய் நாரும் கொஞ்சம் கல்லுப்பும் போதும்.

இரண்டு பானை எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்று வாசலில் இருக்கும்போது மற்றது மாடியில் வெயிலில் காய வேண்டும். தொடர்ந்து ஈரமாகவே இருக்கும் பானையில் நாலைந்து நாளில் உட்புறம் வழவழவென்று ஆகிவிடும். ஒரு நாள் முழு வெயில் பட்டால் அது காய்ந்து போகும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இரண்டாவது பானையைத்தான் செலவு என்று தவிர்க்கிறார்கள். அப்புறம் மூன்றாம் வாரத்தில் "தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே" என்று யாராவது சொல்வார்கள். சொல்லாமல் நடையைக் கட்டுகிறவர்கள் அதைவிட அதிகம்.

பானைக்கு அடியில் ஒரு தட்டில் மணல் பரப்பி ஈரப்படுத்துங்கள். மேலே நனைத்த பருத்தித் துணியைச் சுற்றுங்கள். காற்று வறண்ட உள்மாவட்டங்களில், திருச்சி, கரூர், வேலூர் பக்கம், இது நன்றாகக் குளிரும். சென்னை, கடலூர் மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம் என்பதால் அந்த அளவு குளிராது. அங்கே பானை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

6. டம்ளர்: எல்லோருக்கும் ஒன்றே

எவர்சில்வர் டம்ளர் ஆறு போதும். பேப்பர் கப் வேண்டாம். உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், தண்ணீர்ப் பாக்கெட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அது போக, நாளைக்கு நாற்பது கப் தெருவில் கிடந்தால் அவற்றைக் குனிந்து பொறுக்கப் போவது காலை ஆறரைக்கு வரும் அதே பணியாளர்கள்தான்.

டம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கட்டாதீர்கள். நான்கு கோடையில் எங்களுக்குக் காணாமல் போனவை ஐந்து டம்ளர்கள். அதற்காகக் குடிக்க வருகிற ஒவ்வொருவரையும் சங்கிலியால் வரவேற்க வேண்டுமா?

பெரும்பாலானோர் நம் ஊர் வழக்கப்படி அண்ணாந்துதான் குடிப்பார்கள். வாய் வைத்துக் குடிப்பவரும் உண்டு. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், நார், சோப்புக் கட்டி வையுங்கள். அலசிக் குடிக்கிறவர் அலசிக் குடிப்பார். 11 மணிக்கு நிரப்பப் போகும்போது எல்லா டம்ளரையும் உள்ளே எடுத்து நன்றாகக் கழுவி மாற்றி வையுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "குப்பை அள்றவங்களுக்குத் தனியா ரெண்டு டம்ளர் வெச்சிடலாம்" என்று யாராவது, பெரும்பாலும் வீட்டிலேயே ஒருவர், தணிந்த குரலில் சொல்வார். சுத்தம் என்ற பெயரில் வரும் இரட்டைக் குவளை அது. ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடியவில்லை என்றால் பானையே வைக்க வேண்டாம். அதேபோல, டம்ளரைத் தராமல் மேலிருந்து கையில் ஊற்றுவதும் கூடாது. கையேந்திக் குடிப்பது அவராகச் செய்தால் வேறு, நாம் செய்ய வைத்தால் வேறு. குழாய் வைத்த பானை வாங்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இதுதான். யாரிடமும் கேட்காமல், யாரும் ஊற்றாமல், அவரவரே பிடித்துக்கொள்ளலாம்.

7. பலகையில் என்ன எழுதுவது

"குடிநீர்" என்று பெரிதாக. கீழே "காலை 6 மணிக்கும் 11 மணிக்கும் புதுத் தண்ணீர்" என்று சிறிதாக. அவ்வளவுதான்.

"இலவசம்" என்று எழுதாதீர்கள், தண்ணீருக்கு அந்தச் சொல் ஒட்டாது. குடும்பப் பெயர், அப்பா நினைவாக, தாத்தா நினைவாக என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் பெயர் போட்ட பலகைக்குப் பக்கத்தில் நின்று குடிப்பவர் வீட்டுக்குள் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். நேரம் எழுதுவதில் ஒரு லாபம் உண்டு. எழுதிவிட்டால் நமக்கே வெட்கம் வந்து 11 மணிக்கு எழுந்து போவோம்.

8. யாரும் பேசாத விஷயம்: கழிப்பறை

இரண்டாம் கோடையில்தான் இது எனக்கு உறைத்தது. ஆண்கள் மூன்று டம்ளர் குடித்துவிட்டுப் போனார்கள். கீரைக்காரம்மாவும் தூய்மைப் பணிக்கு வரும் அக்காக்களும் ஒரு வாய் நனைத்துவிட்டு வைத்துவிடுவார்கள். "இன்னும் குடிங்கக்கா" என்றால் "போதும்மா" என்பார்கள். ஒரு நாள் என் மனைவி தனியாகக் கேட்டபோது ஓர் அக்கா சொன்னார்: "குடிச்சா எங்க போறது?"

காலை ஆறிலிருந்து மதியம் வரை தெருவில் வேலை. ஒதுங்க இடம் கிடையாது. அதனால் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். வெயிலில் அப்படி அடக்கினால் தலைசுற்றலும் நீர்க்கடுப்பும்தான். நாம் பானையை எவ்வளவு குளிராக வைத்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

பழைய வீடுகளில் பக்கவாட்டிலோ கொல்லையிலோ ஒரு வெளிக் கழிப்பறை இருக்கும், பெரும்பாலும் துடைப்பமும் உடைந்த நாற்காலியும் அடைத்துக்கொண்டு. அதைக் காலி செய்து, உட்புறம் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாளி, மக், சோப்பு வைத்துத் திறந்துவிடுங்கள். இதைப் பலகையில் எழுதத் தேவையில்லை. வீட்டுப் பெண் ஒருவர் வழக்கமாக வரும் அக்காக்களிடம் வாயால் சொன்னால் போதும்.

பாதுகாப்பு பற்றி வீட்டில் கேள்வி வரும், அதில் தப்பில்லை. நாங்கள் செய்தது: வீட்டுக்குள் போகும் கதவைப் பூட்டிவிட்டு, பக்கவாட்டு வழியை மட்டும் காலை 6 முதல் 1 வரை திறந்து வைத்தோம். மூன்று கோடையாக ஒரு பிரச்சினையும் இல்லை. வெளிக் கழிப்பறை இல்லாத வீட்டில், அடுக்குமாடியில், காவலாளிக்கென்று கீழே ஒன்று இருக்கும். சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். உடனே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

9. வாரம் ஒரு நாள் மோர்

தண்ணீர் இரண்டு வாரம் தடங்கலில்லாமல் ஓடிய பிறகுதான் மோரில் கை வைக்க வேண்டும். முதல் நாளே மோரில் தொடங்கினால் அடுத்த நாள் வெறும் தண்ணீரைப் பார்த்து ஏமாற்றம்தான் மிஞ்சும், நமக்கும் சேர்த்து. ஒரு கிழமையை நிலையாக வையுங்கள். நாங்கள் புதன். ஞாயிறு வேண்டாம், தெருவில் உழைக்கிறவர்கள் அன்று குறைவு.

100 டம்ளருக்கு, டம்ளருக்கு 150 மில்லி வீதம் 15 லிட்டர் நீர்மோர் தேவை. 3 லிட்டர் தயிர், 12 லிட்டர் தண்ணீர். உப்பு 60 கிராம் அளவில், ருசி பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். இஞ்சி 100 கிராம், பச்சை மிளகாய் 10, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு கட்டு, பெருங்காயத்தூள் ஒரு சின்ன ஸ்பூன்.

செய்முறையில் வரிசை முக்கியம். தயிரை முதலில் தனியாக மத்தால் கடையுங்கள். தண்ணீர் சேர்த்த பிறகு கடைந்தால் கட்டி உடையாமல் டம்ளரில் மிதக்கும். இஞ்சி முதல் கொத்தமல்லி வரை கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் சேருங்கள். இலையைக் கிள்ளிப் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் வேகமாகக் குடிப்பவருக்குத் தொண்டையில் ஒட்டும், மிளகாய் விதை புரையேறும். பெருங்காயத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். தாளிக்க வேண்டாம். எண்ணெய் படிந்த டம்ளரை வாசல் வாளியில் அலசினால் போகாது.

தயிருக்கு இரவு 10 மணிக்கு உறை ஊற்றி, விடிந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மே மாதச் சூட்டில் சாயங்காலமே உறை ஊற்றினால் காலையில் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மோர் பிறகு அடுப்பில் ஏறப் போவதில்லை என்பதால் அதில் சேர்க்கும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாகவோ கேன் தண்ணீராகவோதான் இருக்க வேண்டும்.

எவர்சில்வர் அண்டாவில் கலக்குங்கள். பரணில் இருக்கும் பாட்டி காலத்துப் பித்தளை அண்டா கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் ஈயம் பூசாத பித்தளையில் புளித்த மோர் பட்டால் களிம்பேறும், குடித்தவருக்கு வயிறு கெடும். மண்பானையிலும் மோர் வேண்டாம். புளிப்பு மண்ணில் ஏறிவிட்டால் அந்தப் பானை பிறகு தண்ணீருக்கு ஆகாது.

ஐஸ் போடுவதானால் வீட்டில் குடிநீரில் உறைய வைத்தது மட்டும். மீன் கடைக்குப் போகும் பார் ஐஸை உடைத்துப் போடுவதைப் பல பந்தல்களில் பார்க்கிறேன், அது குடிப்பதற்கென்று செய்ததல்ல. 11 மணிக்கு வைத்த மோர் 2 மணிக்குள் தீர வேண்டும். மிஞ்சினால் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுங்கள், மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

பானகம் செய்யலாமா என்று கேட்டால், முதல் வருடம் வேண்டாம் என்பேன். வெல்லத்துக்கு வரும் எறும்பையும் ஈயையும் சமாளிப்பதே தனி வேலை.

10. வாயால் செய்வது

நம் பேச்சுவழக்கில் "நன்றி" என்ற சொல்லைத் தெருவில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. குப்பை வண்டி அக்காவிடம் போய் "உங்கள் சேவைக்கு நன்றி" என்றால் அவர் பதில் சொல்லத் தெரியாமல் நெளிவார். "வாங்கக்கா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க", "சாப்பிட்டாச்சாண்ணே?", "வெயில் ஏறுது, பார்த்துப் போங்க தம்பி" என்று சொன்னாலே அது போய்ச் சேர்ந்துவிடும். டெலிவரி பையனுக்கு நேரக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவரை நிறுத்திப் பேசாதீர்கள். பானையைக் கை காட்டுங்கள், போதும்.

குடிக்கிறவரைப் போட்டோ எடுக்காதீர்கள். பானையை எடுத்துக்கொள்ளுங்கள், மனிதரை வேண்டாம். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அப்படிப் போட்ட அடுத்த நாளிலிருந்து கூரியர்காரர் ஒருவர் எங்கள் பானைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். சொல்லிக்கொள்ளவும் இல்லை. நாங்களாக யூகித்தோம்.

திரும்ப எதையாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கீரைக்காரம்மா ஒரு நாள் ஒரு கட்டு அரைக்கீரையைக் கேட்டில் சொருகிவிட்டுப் போனார். நான் ஓடிப்போய்க் காசு நீட்டினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்று நான் செய்தது தப்பு. இப்போது வாங்கிக்கொண்டு, மறுநாள் "கீரை நல்லா இருந்துச்சுக்கா" என்று சொல்கிறோம்.

11. இடையில் வரும் தொல்லைகள்

கொசு. மணல் ஈரமாக இருக்கலாம், மணலுக்கு மேல் தண்ணீர் தேங்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் முழுக் கொசுவாகும். காக்கை குருவிக்கென்று தனியாக மண்சட்டி வைத்தால் அதையும் தினமும் கொட்டித் தேய்த்து மாற்றுங்கள். பானைக்கு நல்லெண்ணத்தோடு வைத்த தட்டிலேயே தெருவுக்குக் காய்ச்சல் வளர்க்க வேண்டாம்.

மூடி. பானையை மூடும் தட்டின் மேல் ஒரு கல். இல்லாவிட்டால் காக்கை தள்ளிவிடும்.

மயக்கம். ஸ்டூலில் உட்கார்ந்தவர் பேச்சுக் குழறினாலோ, உடம்பு கொதித்தாலோ, நினைவு தடுமாறினாலோ தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பில் ஈரத்துணி போட்டு விசிறி, 108க்கு போன் செய்யுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். கத்திரி வெயில் நாட்களில், பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை, அந்த எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஆர்வம் குறைவது. மூன்றாம் வாரம் கட்டாயம் வரும். அந்த வாரத்தில் மோரை நிறுத்துங்கள், நாளுக்கு ஒரு பானைத் தண்ணீராகக் குறையுங்கள், ஆனால் காலை 6 மணித் தண்ணீரை மட்டும் விடாதீர்கள்.

12. எடுத்து வைப்பது

நல்ல மழை இரண்டு பெய்து வெயில் இறங்கியதும் முடிக்கலாம். ஆனால் ஒரு காலை திடீரென்று பானையைத் தூக்கிவிடாதீர்கள். மூன்று நாள் முன்பே பலகையில் "ஞாயிறு வரை" என்று எழுதுங்கள், வழக்கமாக வருகிறவர்களிடம் வாயாலும் சொல்லுங்கள். பாட்டில் எடுத்து வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். வெளிக் கழிப்பறையை மட்டும் மூடாதீர்கள், அதற்குக் கோடை என்று கணக்கில்லை.

குழாயைக் கழற்றி வாஷரைத் தனியாக ஒரு டப்பாவில் போடுங்கள். பானையை நாலு நாள் வெயிலில் காயவைத்து, கவிழ்த்து, பழைய வேட்டியால் சுற்றி வையுங்கள். ஈரத்தோடு வைத்தால் அடுத்த பங்குனியில் பூஞ்சையோடுதான் எடுப்பீர்கள். கீறல் விட்ட பானை இருந்தால் மண் நிரப்பிக் கற்றாழை வைக்கலாம். எங்கள் முதல் வருடத்துப் பானை இரண்டும் அப்படித்தான் கேட்டுக்கு இரு பக்கமும் நிற்கின்றன.